ஜிப்ஸிக்கு நாலு லட்சம்: ஆக்சிலா, எஞ்சினா?

கேள்வி: எனக்கு வயது 36. பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வாடகை வீடு. மென்பொருள் நிறுவனத்தில் வேலை, கைக்கு 1,15,000 ரூபாய் வருகிறது. மனைவி வேலைக்குப் போகவில்லை, மகளுக்கு 4 வயது. மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி 15,000 போக, மாதம் 12,000 மிஞ்சும். எஃப்டியில் 2,20,000 இருக்கிறது. 2012 ஜூனில் பெங்களூருவில் பதிவான மாருதி ஜிப்ஸி ஒன்று வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை நண்பர்களுடன் கோலார் பக்கமோ சக்லேஷ்பூர் பக்கமோ ஆஃப்ரோடு போவோம். பாறையில் ஏறும்போது எல்லோரும் போன பிறகு நான் மட்டும் மாட்டிக்கொள்கிறேன். முன்னும் பின்னும் லாக்கர் (இடது, வலது சக்கரங்களை ஒன்றாகப் பிணைக்கும் கருவி), கெட்டியான ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) எல்லாம் சேர்த்து 1,90,000 என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். பழைய பலேனோவின் 1.6 எஞ்சினை மாற்றிப்போட 2,10,000. ஒன்றைச் செய்வதா, இரண்டையும் செய்வதா? 14 சதவீதத்தில் 3 வருட பர்சனல் லோன் கிடைக்கிறது. வேண்டுமானால் எஸ்ஐபியைக் கொஞ்ச நாள் நிறுத்தலாம். அடுத்த வருடம் ஆர்சி புதுப்பிக்க வேண்டும்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெங்களூரு

பதில்: கடைசி வரியாக, போகிற போக்கில் ஆர்சி பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் வரி. அதற்கு முன்னால் லோனைப் பார்த்துவிடலாம், அது சீக்கிரம் முடிந்துவிடும்.

நாலு லட்சம், 14 சதவீதம், 36 மாதம் என்றால் இஎம்ஐ சுமார் 13,670 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 92,000. உங்கள் கையில் மிஞ்சுவதே 12,000 என்பதால் முதல் மாதமே எஸ்ஐபியில் கை வைக்க வேண்டியிருக்கும். வீட்டில் ஒருவர் சம்பளம்தான். நீங்கள் கொடுத்த கணக்குப்படி மாதச் செலவு 88,000; எஃப்டியில் இருப்பது இரண்டரை மாதத்துக்குத்தான் வரும். ஐடி வேலையில் இருப்பவருக்கு இது போதாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லோன் வேண்டாம், எஃப்டியையும் தொட வேண்டாம்.

சரி, வண்டிக்கு வருவோம். வண்டி ஆசையே தப்பு என்று சொல்கிற ஆலோசகர்கள் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை. ஆனால் நீங்கள் சொல்கிற பிரச்சினைக்கு எஞ்சின் மருந்து இல்லை. ஜிப்ஸியில் இருப்பது சாதாரண டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சின் விசையை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கியர் அமைப்பு. இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் அது கொடுக்கும். ஒரு சக்கரம் பாறையில் அந்தரத்தில் நின்றால், அதைச் சுற்ற எவ்வளவு குறைவாகத் தேவையோ, தரையில் இருக்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான் போகும். எஞ்சின் 80 குதிரைத்திறனாக இருந்தாலும் 94 ஆக இருந்தாலும் அந்தரத்தில் இருப்பது வேகமாகச் சுழலும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். லாக்கர் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைத்துவிடுவதால் பிடிப்பு இருக்கும் பக்கம் வண்டியைத் தள்ளுகிறது. நீங்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இழுவையே போதவில்லை என்று தோன்றினாலும் எஞ்சினுக்கு முன் டிரான்ஸ்ஃபர் கேஸைப் பாருங்கள். விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்து, ‘லோ’ என்கிற மெதுவான, இழுவை கூடிய கியரையும் தருகிற பெட்டி அது. ஜிப்ஸியின் லோ விகிதம் 2.268. இதே குடும்பத்து சுசுகி வண்டிகளுக்கு 4.16 விகிதத்தில் கியர் செட் வெளியில் கிடைக்கிறது. அதைப் போட்டால் லோ-வில் சக்கரத்துக்குப் போகும் விசை 1.83 மடங்கு. இதே பலனை எஞ்சினில் எடுக்க வேண்டுமானால், இப்போது 103 நியூட்டன் மீட்டர் தரும் எஞ்சின் இருக்கும் இடத்தில் 189 தருவது வேண்டும். பலேனோ எஞ்சின் அதன் பக்கத்தில்கூட வராது.

ஆனால் எஞ்சின் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணம் காகிதம்தான். 2012 ஜூன் பதிவு என்றால் 2027 ஜூனில் 15 வருடம் முடிகிறது. வண்டியை ஆர்டிஓ ஆய்வுக்குக் காட்டி, கட்டணம் கட்டி, அடுத்த 5 வருடத்துக்கு ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். கார்களுக்கு இந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. மாநில பசுமை வரி தனி. இந்தப் பணம் பெரிதில்லை. ஆய்வாளர் போனட்டைத் திறந்து எஞ்சின் நம்பரைப் பார்ப்பாரே, அங்கேதான் கதை மாறும். ஆர்சியில் 1298 சிசி, ஒரு நம்பர். வண்டியில் 1590 சிசி, வேறு நம்பர். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாமல் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

‘முன்கூட்டியே அனுமதி வாங்கிவிட்டால்?’ என்று கேட்பீர்கள். முயலலாம். ஆனால் அந்த எஞ்சின் வந்த பழைய பலேனோ செடான் 2007 வாக்கிலேயே நின்றுபோன கார். இப்போது ஷோரூமில் இருக்கும் பலேனோவுக்கும் அதற்கும் பெயர் மட்டும்தான் ஒன்று. பெங்களூருவில் பிஎஸ்-4 புகை விதி 2010 ஏப்ரலில் வந்தது. அதாவது 2012-இல் பதிவான வண்டிக்குள், அதற்கு முந்தைய புகை விதிக்குச் செய்த, வண்டியைவிட வயதான எஞ்சினை உட்கார வைக்கப்போகிறீர்கள். ஒரே குடும்பத்து எஞ்சின், அப்படியே உட்காரும் என்று மெக்கானிக் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான், ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர் இல்லையே! அனுமதியை யார் எழுத்தில் வாங்கித் தருவார் என்று ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிற விதத்திலேயே உங்களுக்கு விஷயம் புரிந்துவிடும்.

இன்சூரன்ஸும் சும்மா விடாது. மூன்றாம் நபர் காப்பீட்டில் 1000 முதல் 1500 சிசி வரையுள்ள காருக்கு 2022 ஜூன் அறிவிப்புப்படி வருடம் 3,416 ரூபாய், 1500-க்கு மேல் 7,897. எஞ்சின் மாற்றத்தை முறையாகப் பதிந்தால் ஒவ்வொரு வருடமும் இரண்டு மடங்குக்கு மேல் கட்டுவீர்கள். பதியாமல் ஓட்டி, சாலையில் யாருக்காவது அடிபட்டுவிட்டால், காப்பீட்டு நிறுவனம் அந்த முரண்பாட்டைக் காட்டி உங்களோடு வழக்காடலாம். பிழைப்புக்கே உலை வைக்கிற தொகை அங்கேதான் வரும், ஒர்க்‌ஷாப் பில்லில் இல்லை.

இன்னொன்று. எஞ்சின் மாற்றம் 2,10,000-த்தோடு நிற்காது. கிளட்ச், ரேடியேட்டர், மவுண்ட், வயரிங், சைலன்சர் என்று வரிசை கட்டும். கூடுதல் விசை கியர்பாக்ஸ் வழியாக ஆக்சில் ஷாஃப்டுக்குப் போகும். மட் டயரும் போட்டிருந்தால் அடுத்து அந்த ஷாஃப்ட் உடையும். உடைந்ததும் ஆக்சில் செலவு எப்படியும் வரும். லாக்கர் பக்கம் இந்தச் சங்கிலி சின்னது. ஆர்சியில் எழுதியிருக்கும் எந்த விவரமும் லாக்கரால் மாறுவதில்லை.

ஆக்சில் பக்கமும் 1,90,000 முழுவதையும் இப்போதே கொட்ட வேண்டாம். அந்த எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: பின் லாக்கர், முன் லாக்கர், ஷாஃப்ட், கூலி என்று தனித்தனியாக. எடுத்தவுடன் பின் லாக்கர் மட்டும் போதும். முன்னால் லாக்கர் போட்டு, ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மிதிக்கும்போதுதான் முன் ஆக்சில் ஜாயின்ட் உடைகிறது. கெட்டியான ஷாஃப்ட் தேவைப்படுவதே பெரும்பாலும் அதனால்தான். முன் லாக்கரைத் தள்ளிப்போட்டால் அந்தச் செலவும் தள்ளிப்போகும். ஒரு வருடம் பின் லாக்கரோடு ஓட்டுங்கள். அப்போதும் மாட்டிக்கொண்டால் டிரான்ஸ்ஃபர் கியரைப் பற்றி யோசிக்கலாம். முன் லாக்கர் உங்களுக்குத் தேவையே படாது என்பது என் எண்ணம்.

பணத்துக்கு வழி இது. மாதம் மிஞ்சும் 12,000-த்தைப் பாதியாகப் பிரியுங்கள். 6,000 அவசர நிதிக்கு, 6,000 ஜிப்ஸிக்கு என்று தனிக் கணக்கில் போகட்டும். வருடத்துக்கு 72,000 சேரும். அதில் முதல் 15,000 ஆர்சி புதுப்பிப்புக்கு. பிரேக், லைட், புகைச் சான்று எல்லாம் ஆய்வுக்கு முன் சரி செய்யச் செலவு இருக்கும். மிச்சத்தில் பின் லாக்கர். போனஸ் வந்தால் முக்கால் பங்கு அவசர நிதிக்கு. மனைவியிடம் இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதிக் கால் பங்கில் என்ன வாங்கினீர்கள் என்ற கேள்வி வராது. எஸ்ஐபி ஓடட்டும். மகளுக்கு 18 வயது ஆக இன்னும் 14 வருடம்தான் இருக்கிறது.

ஆஃப்ரோடு போட்டிகளில் கலந்துகொள்கிற எண்ணம் இருந்தால் பாலிசியை எடுத்து ஒருமுறை படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை, தாங்குதிறன் போட்டி போன்றவை வழக்கமான தனியார் கார் பாலிசியில் அடங்காது.

லாக்கர் எந்த வகை என்பதிலும் பணம் இருக்கிறது. காற்றழுத்தத்தில் இயங்குவதற்கு கம்ப்ரசர், குழாய், ஸ்விட்ச் எல்லாம் வேண்டும். சாலையில் அணைத்துவிடலாம் என்பது அதன் நன்மை. தானாகப் பிணையும் வகை விலை குறைவு, தார் ரோட்டில் திரும்பும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். மாதம் ஒருமுறை போகும் உங்களுக்கு இரண்டாவதே போதும். டிஃபரன்ஷியலை வெல்டிங் வைத்துவிடலாம் என்று யாராவது மலிவு வழி சொன்னால் கேட்காதீர்கள். கழற்றி எடுக்கும் பழைய பாகங்களை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடாமல் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், ஜிஎஸ்டி பில்லோடு. ஒருநாள் ஜிப்ஸியை விற்க நேர்ந்தால் பழையதைப் பூட்டி வண்டியை ஒரு விலைக்கும், லாக்கரைத் தனியாக ஒரு விலைக்கும் விற்கலாம்.