பழைய காரை வீட்டிலேயே ரேலிக்குத் தயார் செய்ய முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: வீட்டில் இருபது வருடத்துக்கு மேலான பெட்ரோல் கார் ஒன்று சும்மா நிற்கிறது. அதை நானே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அமெச்சூர் ரேலிகளில் ஓட்ட ஆசை. எஞ்சினிலிருந்து தொடங்கலாமா?

முடியும். நான் செய்தேன். கோவையில், ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டகையாக இருந்த தகரக் கூரைக்குக் கீழே. ஆனால் எஞ்சினிலிருந்து தொடங்காதீர்கள். நான் அங்கேதான் தொடங்கினேன், அதனால்தான் சொல்கிறேன்.

என் வண்டி 2001 மாருதி எஸ்டீம். 1298 சிசி, 16 வால்வு, கம்பெனிக் கணக்கில் 85 குதிரைசக்தி, எடை சுமார் 900 கிலோ. நம் நாட்டு ரேலிகளில் ஜிப்ஸிக்கும் எஸ்டீமுக்கும் ஒரு காலத்தில் பெரிய மவுசு இருந்தது. இரண்டும் லேசான வண்டிகள், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் கை பழகிய வண்டிகள். ஜிப்ஸி கிங்கில் இருப்பதும் இதே ஜி13 குடும்பத்து எஞ்சின்தான். எஸ்டீமை நிறுத்தி எத்தனையோ வருடம் ஆகியும் எனக்கு சாமான் கிடைக்காமல் போனதில்லை. இங்கே இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் இருக்கும். உங்கள் வண்டி எதுவாக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள்: சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மும், அதைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டும் ஒரே நாளில் உங்கள் கைக்கு வருமா? வராதென்றால் அந்தக் காரை அப்படியே அழகாகத் துடைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

என் முதல் வருடத்தைச் சொல்லிவிடுகிறேன். எக்ஸாஸ்ட்டை மாற்றினேன், பெரிய ஏர் ஃபில்டர் போட்டேன், ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்கினேன். சின்ன வயதில் சர்க்யூட் ரேஸ் பார்த்து வளர்ந்த புத்தி. கோவைக்காரர்களுக்கு இது பரம்பரை வியாதி. மாருதி 800 எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்று ஒற்றை இருக்கை ரேஸ் கார் செய்துகாட்டிய கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையத்தில் அவர் பெயரிலேயே 2003 முதல் டிராக் இருக்கிறது. டிராக்கில் வண்டி தரையை ஒட்டி ஓட வேண்டும், சரி. நான் போனது ஆட்டோகிராஸுக்கு, அதாவது மண் தரைக்கு. எங்கள் மெக்கானிக் அண்ணன் அப்போதே கேட்டார்: "ஏனுங்க, வண்டி கல்லு மேல போகோணும், நீங்க எதுக்குங்க கீழ இறக்கறீங்க?" நான் சிரித்து வைத்தேன். இரண்டாவது சுற்றில் ஒரு கல், எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரைக் கிழித்தது. ஆயில் முழுதும் மண்ணில். லைட் எரிந்ததும் நிறுத்தியதால் எஞ்சின் பிழைத்தது.

அன்றைக்கு எனக்கு முன்னால் முடித்தவர்களில் ஒருவர் ஓட்டியது எஞ்சினில் கையே வைக்காத பழைய 800. அவருடைய வண்டியில் சேம்பருக்குக் கீழே தடிமனான தகடு இருந்தது, பானெட்டுக்குள் தேவையில்லாத ஒரு ஒயர்கூட இல்லை. எதைத் தொட்டாலும் இரண்டு போல்ட்டில் கழன்று வரும்படி வைத்திருந்தார். அதற்கப்புறம் நான் வண்டிக்குச் செய்த எல்லா வேலையையும் ஒரே கேள்வியால் முடிவு செய்தேன்: இதை நடுக்காட்டில், இருட்டில், சூடு ஆறாமல் கழற்றி மாட்ட எனக்கு எவ்வளவு நேரமாகும்?

இதற்குக் காரணம் இருக்கிறது. ரேலியில் சர்வீஸுக்கு 20 நிமிடம், 30 நிமிடம் என்று அளந்து தருவார்கள். கன்ட்ரோலுக்கு, அதாவது நேரம் குறிக்கும் இடத்துக்கு, தாமதமாகப் போனால் நிமிடத்துக்கு 10 விநாடி அபராதம் என்பது வழக்கமான கணக்கு. எஞ்சினில் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஒரு கிலோமீட்டரில் அரை விநாடி சம்பாதித்துவிட்டு, துருப்பிடித்த ஒரு நட்டு அவிழாமல் ஐந்து நிமிடத்தை இழப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

அதனால் முதல் வேலை, வண்டியை முழுக்கப் பிரிப்பது. பின்சீட்டு, கார்ப்பெட், கதவு பேட் எல்லாம் வெளியே. தரையில் சத்தத்தைத் தடுக்க ஒட்டியிருக்கும் தார் ஷீட்டை ஹீட் கன் காட்டிச் சுரண்டினால் வந்துவிடும். நான் சுரண்டியதைப் பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 14 கிலோ. எடை குறைவது லாபம்தான். ஆனால் பெரிய லாபம், அடியில் ஒளிந்திருக்கும் துரு வெளியே தெரிவது. என் வண்டியில் ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் விரல் நுழையும் ஓட்டை. ஸ்ட்ரட் டவரை, அதாவது சஸ்பென்ஷனின் மேல்முனை பாடியில் மாட்டும் இடத்தை, சுற்றியிருக்கும் தகடுகளின் இணைப்பை நன்றாகப் பாருங்கள். கம்பெனி அங்கே ஸ்பாட் வெல்டிங்தான் போட்டிருக்கும், குழியில் விழுந்து விழுந்து அது விரியும். டிங்கர் வேலை தெரிந்தவரை வைத்து அந்த ஓரங்களில் இடைவெளி விட்டு விட்டு வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள். பட்டி பூசி மறைத்திருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள். மேடு பள்ளத்தில் பட்டி எதையும் தாங்காது.

அடுத்தது சஸ்பென்ஷன். பணமும் மூளையும் இங்கே போகட்டும். வெளிநாட்டு ரேலி டேம்பர் (ஷாக் அப்சார்பர்) விலையைப் பார்த்துப் பயந்து பெரும்பாலானவர்கள் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றுவார்கள். அதில் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறும். 12 மில்லிமீட்டர் கம்பிக்குப் பதிலாக 13 மில்லிமீட்டரில், அதே சுருளும் அதே அகலமுமாகச் சுற்றினால், கிட்டத்தட்ட 38 சதவீதம் விறைப்பாகிவிடும். ஒரே ஒரு மில்லிமீட்டருக்கு! இது தெரியாமல் நான் லேத் பட்டறைக்காரரிடம் "கொஞ்சம் தடியாப் போடுங்க" என்று சொல்லி இரண்டு மில்லிமீட்டர் ஏற்றிவிட்டேன். பழைய டேம்பரால் அந்த ஸ்பிரிங்கை அடக்க முடியவில்லை. ஒரு மேட்டில் ஏறினால் வண்டி மூன்று தடவை குதித்தது, மூன்றாவது குதியில் நான் திருப்பிய பக்கம் போகவில்லை. ஸ்பிரிங் ஏறினால் டேம்பரும் கூடவே ஏற வேண்டும். பிரித்து வால்வை மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

உயரத்திலும் பேராசை வேண்டாம். முன்சக்கர டிரைவ் வண்டியை அளவுக்கு மேல் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட் சாய்வாகவே சுற்றும், ஜாயின்ட் சீக்கிரம் தேயும், பூட் ரப்பர் கிழிந்து கிரீஸ் பறக்கும். என் வண்டியில் 35 மில்லிமீட்டர் உயர்த்தியதோடு நிறுத்திக்கொண்டேன். அது போதும்.

சம்ப் கார்டு, அதாவது ஆயில் சேம்பரைக் காக்கும் அடித்தகடு, இல்லாமல் மண்ணில் இறங்கவே வேண்டாம். 3 மில்லிமீட்டர் இரும்பு அல்லது 6 மில்லிமீட்டர் அலுமினியம். பட்டறையில் வளைத்துத் தருவார்கள். ஆனால் போல்ட் தலை தகட்டுக்குள் புதைந்து இருக்கும்படி குழி வைக்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கல்லில் உரசி உரசித் தலை வழவழவென்று ஆகிவிடும், அப்புறம் ஸ்பானர் பிடிக்காது, உளிதான். ஆயில் மாற்றவும் ஒரு ஓட்டை விடுங்கள். தகட்டின் மேல் சேறு தங்கினால் சூடு வெளியேறாமல் எஞ்சினிலேயே தங்கும். ஜி13 எஞ்சின் முழுக்க அலுமினியம், ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் ஹெட் வளைந்துவிடும். அதனால் ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஹோஸ்களை எல்லாம் புதிதாக மாற்றி, ஃபேனுக்கு டேஷ்போர்டில் தனி ஸ்விட்ச் வைத்தேன். எஞ்சினுக்கு நான் செய்த மொத்த மேம்பாடு இவ்வளவுதான். அந்தப் பெரிய ஏர் ஃபில்டரைக் கழற்றி, கம்பெனிப் பெட்டியையே திரும்ப வைத்தேன். புழுதியில் பேப்பர் ஃபில்டரைத் தாராளமாக மாற்றிக்கொண்டே இருக்கலாம், விலை குறைவு.

பிரேக்குக்கு டாட் 4 ஆயில், கொஞ்சம் கடினமான பேட், புது ஹோஸ். அடிப்பக்கம் ஓடும் பிரேக் குழாயையும் பெட்ரோல் குழாயையும் கல் படாமல் மறைத்துவிட வேண்டும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

இப்போது கூண்டு, அதாவது வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமல் காக்கும் குழாய்ச் சட்டம். வீட்டில் செய்யலாமா என்று கேட்டால் என் பதில் கூடாது என்பதுதான். மற்ற எல்லாவற்றையும் தப்பாகச் செய்தால் வண்டி நிற்கும், இதைத் தப்பாகச் செய்தால் ஆள் போய்விடுவான். சர்வதேச விதி கேட்பது தையலில்லாத குளிர்நிலை இழுப்புக் குழாய். சீட்டுக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவான மெயின் ஹூப்புக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் சுவரும், மற்றவற்றுக்கு 38-க்கு 2.5. கூண்டின் கால் நிற்கும் இடத்தில் குறைந்தது 120 சதுர சென்டிமீட்டர், 3 மில்லிமீட்டர் கனத் தகடு. கேட் செய்கிற குழாயில் பளபளவென்று கூண்டு போட்டுத் தருவதாக ஒருவர் என்னிடமே சொன்னார், பாதி விலைக்கு. ரேலிக்குக் கூண்டு கட்டிப் பழகியவரிடம் மட்டும் கொடுங்கள், போகும் போட்டியின் விதிப் புத்தகத்தையும் கையில் எடுத்துப் போங்கள்.

பெல்ட்டிலும் ஒரு கண் வையுங்கள். பலர் தோள் பட்டைகளை சீட்டுக்குப் பின்னால் நேராகத் தரையில் இறக்கிக் கட்டுகிறார்கள். மோதும்போது அந்தப் பட்டை முதுகெலும்பை மேலிருந்து அமுக்கும். பட்டை பின்னோக்கிப் போக வேண்டும், 45 டிகிரிக்கு மேல் கீழே சரியக்கூடாது. சீட்டும் பெல்ட்டும் பழையதாக வாங்க நினைத்தால் லேபிளில் இருக்கும் வருடத்தைப் பாருங்கள், காலாவதி ஆனதைப் போட்டிக்கு முன் நடக்கும் வண்டிச் சோதனையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கூண்டு, இரண்டு சீட்டு, பெல்ட், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து நான் கார் வாங்கிய விலையைத் தாண்டியது. வீட்டில் இந்தக் கணக்கு இன்னும் தெரியாது.

விபத்தில் கரண்டை மொத்தமாகத் துண்டிக்கும் மெயின் கட்-ஆஃப் ஸ்விட்ச் வைக்கும்போது ஒரு விஷயம். பேட்டரியை மட்டும் துண்டிக்கிற சாதாரண ஸ்விட்ச் போட்டால், ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் ஆல்டர்னேட்டர் கரண்டிலேயே தொடர்ந்து ஓடும். எஞ்சினையும் சேர்த்து நிறுத்துகிற வகைதான் வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கைக்கும் எட்ட வேண்டும், வெளியே நிற்பவர் கைக்கும் எட்ட வேண்டும்.

சட்டம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி ஆர்.சி.யில் உள்ள கம்பெனி விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சாதாரண கார் இன்ஷூரன்ஸில் ரேஸ், வேகச் சோதனை எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். கூண்டு வைத்த வண்டியில் காய்கறி வாங்கப் போவது வேறு வகையிலும் ஆபத்து. ஹெல்மெட் இல்லாத தலைக்கு அந்தக் குழாய் ஒரு சுத்தியல். போட்டிக்கு வண்டியை லாரியில் ஏற்றிப் போகிறேன். 15 வருடம் தாண்டிய வண்டி என்றால் மறுபதிவு நடந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவும் கேட்டு மலைத்துப் போயிருந்தால், டி.எஸ்.டி. (டைம்-ஸ்பீட்-டிஸ்டன்ஸ்) ரேலியில் தொடங்குங்கள். அங்கே வேகம் வேண்டாம், சொன்ன சராசரியைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். கூண்டு தேவையில்லை, சும்மா நிற்கிற உங்கள் காரே போதும், பக்கத்தில் உட்கார்ந்து வழியும் கணக்கும் பார்க்கிற நல்ல கோ-டிரைவர்தான் வேண்டும். மணிக்கு 36 கிலோமீட்டர் சராசரி என்றால் விநாடிக்கு 10 மீட்டர், இந்த மாதிரிக் கணக்கு மடமடவென்று வர வேண்டும். என் கோ-டிரைவர் கல்லூரி நண்பன். முதல் ரேலியில் டயர் அளவை மாற்றிவிட்டு தூரம் காட்டும் டிரிப் மீட்டரைச் சரிபார்க்காமல் விட்டுவிட்டோம். ஒவ்வொரு கிலோமீட்டரும் கொஞ்சம் தப்பு. நாற்பதாவது கிலோமீட்டரில், இல்லாத ஒரு இடது திருப்பத்தைத் தேடி யாரோ ஒருவருடைய தென்னந்தோப்புக்குள் போய் நின்றோம். தோப்புக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

வேலை தொடங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்து பாருங்கள். ஜப்பானிய வடிவமைப்பு வண்டி என்றால் 10, 12, 14, 17 ஸ்பானர்கள், ஒரு பெரிய சாக்கெட் செட், ஒரு கடப்பாறை, இரண்டு ஸ்டாண்டு. ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள். முன்பக்க டிரைவ் ஷாஃப்ட் ஒன்றைக் கழற்றி வெளியே எடுத்து, திரும்ப மாட்டி, நேரத்தைக் குறித்துவையுங்கள். எனக்கு முதல் தடவை ஆறு மணி நேரம் ஆனது, அதில் இரண்டு மணி நேரம் ஒரே ஒரு நட்டோடு. இப்போது 40 நிமிடம். கியர் ஆயில் இன்னும் சட்டையில்தான் கொட்டுகிறது.