வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: எங்கள் பாத்ரூம் சீலிங்கில் எக்ஸாஸ்ட் ஃபேனோடு சேர்ந்த ஹீட்டர் இருக்கிறது. போட்டதும் நாலைந்து நிமிடம் நல்ல சூடு. அப்புறம் வெறும் காற்றுதான். கொஞ்ச நேரம் விட்டால் தானாகவே மறுபடி சூடாகிறது. தென்னாப்பிரிக்காவின் இந்த ஜூலைக் குளிரில் பிள்ளைகளைக் குளிப்பாட்ட முடியவில்லை. புதிது வாங்கிவிடலாமா? (லெனேசியா வாசகி)

பதில்: வாங்காதீர்கள். தானாக அணைந்து தானாக எரிகிறது என்றால் காயில் (சூடாக்கும் கம்பிச் சுருள்) நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே உள்ள தெர்மல் கட்-அவுட் அதிகச் சூட்டைக் கண்டு அணைக்கிறது. காயிலின் சூட்டை ஃபேன் காற்று வாரிக்கொண்டு போக வேண்டும். அந்தக் காற்று குறைந்துவிட்டது, அவ்வளவே.

டிபி போர்டில் (வீட்டின் பிரேக்கர் பெட்டி) ஹீட்டரின் பிரேக்கரை இறக்கி, சுவிட்சைப் போட்டு ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சூடு ஆறியபின் கிரில்லைக் கழற்றுங்கள். டவல் பஞ்சும் பவுடரும் ஈரத்தோடு சேர்ந்து பிளேடிலும் காயிலிலும் அப்பியிருக்கும். உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டி, வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள், தண்ணீர் கூடாது. கிரில்லை மட்டும் சோப்பு போட்டுக் கழுவி, காயவைத்து மாட்டலாம். பிளேடை விரலால் சுண்டினால் சில சுற்று ஓட வேண்டும். உடனே நின்றால் பேரிங் வறண்டிருக்கிறது. எண்ணெய் விட இடமுள்ள மோட்டார் என்றால் மெஷின் ஆயில் இரண்டு சொட்டு போதும்.

அப்படியும் தீரவில்லையா? கூரைக்குள் ஏறிப் பாருங்கள். குளிருக்காகச் சீலிங் மேல் விரித்த கண்ணாடிப் பஞ்சு ஹீட்டர் பெட்டியையும் மூடியிருந்தால், அதை விலக்கிவிடுங்கள். எவ்வளவு இடைவெளி வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும்.

ஒருவேளை சூடு திரும்ப வராமலே போனால், ஒருமுறை மட்டும் வேலை செய்யும் தெர்மல் ஃப்யூஸ் போயிருக்கலாம். அதன் உடலில் டிகிரியும் ஆம்பியரும் அச்சிட்டிருக்கும். இரண்டும் அப்படியே பொருந்த வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே புது ஃப்யூஸ் போய்விடும், ஆகவே கிரிம்ப் செய்ய (உலோகக் குழலில் வயரைச் செருகி நசுக்கி இணைக்க) வேண்டும். சிலர் அந்த இடத்தில் வயரை முறுக்கி ஒட்டிவிடுகிறார்கள். சீலிங்கில் தீ வைப்பதற்குச் சமம் அது. காயிலையும் சோதிக்க வேண்டுமானால், மின்சாரம் இல்லாமல் மல்டிமீட்டரில் அளக்கலாம். 230 வோல்ட்டில் 1500 வாட் காயில் சுமார் 35 ஓம் காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் அறுந்திருக்கிறது. கம்பிச் சுருளுக்குப் பதில் செராமிக் துண்டு சூடாகும் பிடிசி வகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

கேள்வி: கோடை முழுக்கப் போடாத ஹீட்டரை இப்போது போட்டால் எர்த் லீக்கேஜ் (மின்கசிவைக் கண்டு அணைக்கும் பிரேக்கர்) விழுந்து வீடே இருட்டாகிறது. ஹீட்டர் சுவிட்சை அணைத்தும் சில நேரம் அது ஏறி நிற்பதில்லை. (சாட்ஸ்வொர்த் வாசகர்)

பதில்: டர்பன் பக்கத்து ஈரத்துக்கு இது நடக்கக்கூடியதே. மூடிய குழாய் வகைக் காயிலின் முனைச் சீல் வழியாக ஈரம் உள்ளே இறங்கும்; உப்புக்காற்று டெர்மினலை அரிக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே எர்த் லீக்கேஜ் விழ வேண்டும், விழுகிறது. சாதாரணச் சுவிட்ச் லைவை மட்டும்தான் அறுக்கும். நியூட்ரலில் கசிவு இருந்தால் அணைத்த பிறகும் விழும். இரண்டு வயரையும் அறுக்கும் ஐசொலேட்டரை அணைத்துவிட்டு எர்த் லீக்கேஜை ஏற்றிப் பாருங்கள். விழாமல் நின்றால் பழுது ஹீட்டரில். அப்போதும் விழுந்தால் வேறு எங்கோ. எலக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்து அளந்து, ஒரு மெகா ஓமுக்குக் கீழே இருந்தால் உலர்த்துவதா மாற்றுவதா என்று சொல்வார்.

கீசரும் ஸ்டவ்வும் எர்த் லீக்கேஜுக்கு வெளியே இருப்பது இங்கே பல வீடுகளில் வழக்கம். ‘ஹீட்டரையும் அந்தப் பக்கம் மாற்றிவிடலாம்’ என்று யாராவது சொன்னால், அவரிடம் வேலை கொடுக்காதீர்கள். ஈரக் கால்களோடு நிற்கும் அறை அது.

கேள்வி: ஃபேன் சத்தமாக ஓடுகிறது, ஆனால் நீராவி போகவில்லை. சீலிங் மூலையில் கறுப்புப் பூஞ்சணம். (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி)

பதில்: கிரில்லில் டிஷ்யூ ஒன்றை வைத்துப் பாருங்கள். ஒட்டி நிற்காவிட்டால் கதவுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் சந்து உண்டா என்று கவனியுங்கள். உள்ளே காற்று வராமல் வெளியே போகாது. கதவைத் திறந்ததும் டிஷ்யூ ஒட்டினால் காரணம் அதுவே. ஒட்டாவிட்டால் வெளிமூடி ஃபிளாப் சிக்கியிருக்கும், அல்லது வளைகுழாய் தொய்ந்து நடுவில் தண்ணீர் தேங்கியிருக்கும். குழாயை இழுத்துக் கட்டி, வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக விடுங்கள். குழாய் கூரைக்குள்ளேயே முடிந்துவிட்டால் ஆவி அங்கே மரத்தில்தான் படியும். குளித்தபின் 15 முதல் 20 நிமிடம் ஃபேன் ஓடட்டும்.

கேள்வி: புது ஹீட்டரை பாத்ரூம் லைட் வயரிலேயே இணைக்கலாமா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

பதில்: கூடாது. 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர், அதே 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் வீட்டு விளக்கெல்லாம் தொங்குகிறது. டிபி போர்டிலிருந்து தனியாக 2.5 வயர் இழுத்து, ஐசொலேட்டரை பாத்ரூமுக்கு வெளியே வையுங்கள். பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனே செய்து, சிஓசி (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற) சான்றிதழ் தர வேண்டும். வீட்டை விற்கும்போது இரண்டு வருடத்துக்கு மேற்பட்ட சிஓசி செல்லாது.