நட்சத்திர வீரரை அனுப்பிவிடுவார்களா?

கேள்வி: என்.பி.ஏ. கூடைப்பந்து அணி ஒன்று தன் நட்சத்திர வீரரையே வேறு அணிக்குக் கொடுத்துவிடுமா? வீரரின் சம்மதம் வேண்டாமா?

பதில்: தாராளமாகக் கொடுக்கும். டல்லாஸ் மேவரிக்ஸை 2024 இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனவர் லூகா டான்சிச். 2025 பிப்ரவரியில், 25 வயதில், அவரை லேக்கர்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பதிலுக்குக் கிடைத்தவை: ஆன்டனி டேவிஸ், மேக்ஸ் கிறிஸ்டி, 2029-க்கான முதல் சுற்றுத் தேர்வுரிமை ஒன்று (லீகுக்கு வரும் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் சுற்றில் ஒருவரை எடுக்கும் உரிமை). அடிமாட்டு விலைதான்!

சம்மதம் பெரும்பாலும் தேவையில்லை. மறுப்புரிமையை ஒப்பந்தத்தில் பேசி வாங்க, லீகில் 8 ஆண்டு, அதே அணியில் 4 ஆண்டு ஆடியிருக்க வேண்டும். அப்படி வாங்கியவர்கள் மிகச் சிலரே.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது ஒப்பந்தக் காலம். அது முடிந்து வீரர் தானாகக் கிளம்பினால் அணிக்கு எதுவும் மிஞ்சாது. எனவே, நீட்டிப்பில் கையெழுத்திட மறுப்பவரை ஓராண்டாவது மீதமிருக்கும்போதே கைமாற்றுவது புத்திசாலித்தனம்; கடைசி சில மாதங்களில் விலை படியாது.

வாங்கும் அணிக்கும் கெடுபிடி உண்டு. சம்பள வரம்பை (ஓர் அணி வீரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு லீக் வைத்த அளவு) தாண்டிய அணி, வரும் வீரரின் சம்பளத்துக்கு ஏறக்குறைய ஈடாகத் தன் வீரர்களை அனுப்ப வேண்டும். அதற்கும் மேலே உள்ள உச்ச வரம்பையும் செலவில் மீறிய அணி, இரண்டு வீரர்களின் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒருவரை வாங்க முடியாது. பல பேரங்கள் இங்கேதான் முறிகின்றன. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் முதல் சுற்று உரிமையே இல்லாதபடி விற்கவும் தடை.

கேள்வி: நட்சத்திரத்தை விற்று உருப்பட்ட அணி உண்டா?

பதில்: ஓக்லஹோமா சிட்டி தண்டர். 2019-இல் பால் ஜார்ஜைக் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷாய் கில்ஜஸ்-அலெக்சாண்டரையும் ஐந்து முதல் சுற்று உரிமைகளையும் வாங்கியது. அதில் ஒன்றில் வந்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025-இல் கோப்பை.