நீட் இன்னொரு தடவை எழுத வைக்கலாமா? பீஸ் கட்டும் முன் பழைய வினாத்தாளை எடுங்கள்

கேள்வி: எங்களுக்கு மொடக்குறிச்சிப் பக்கம் தோட்டமுங்க. மஞ்சள், கொஞ்சம் கரும்பு. மகள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் படித்தாள். பிளஸ் டூவில் 600க்கு 548. நீட்டில் 720க்கு 380. இன்னொரு வருடம் எழுதுகிறேன் என்று அழுகிறாள். மறுபடி எழுதுகிறவர்களுக்கான ரிப்பீட்டர் பேட்ச்சுக்கு ஹாஸ்டலோடு சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். இந்த வாரமே கட்டினால் பத்தாயிரம் குறைப்பார்களாம். பேசாமல் பி.எஸ்சி.யில் சேர்த்துவிடலாம், படித்துக்கொண்டே எழுதட்டும் என்கிறாள் என் மனைவி. என்ன செய்யட்டுமுங்க?

பதில்: அந்தப் பத்தாயிரத்தை முதலில் மறந்துவிடுங்கள். சேர்க்கை முடியும் வரை ஏதாவது ஒரு பெயரில் அந்தச் சலுகை வந்துகொண்டேதான் இருக்கும். இப்போது உங்களுக்கு வேண்டியது இரண்டே பொருள். ஒன்று, தேர்வு முடிந்து மகள் கையோடு கொண்டுவந்த வினாத்தாள். இன்னொன்று, அவள் வட்டங்களைக் கறுப்பாக்கி விடை குறித்த ஓ.எம்.ஆர். தாளின் படம். தேர்வை நடத்தும் என்.டி.ஏ. அதை இணையத்தில் போடுகிறது, பதிவு செய்த மின்னஞ்சலுக்கும் அனுப்புகிறது. விடைக்குறிப்பும் அங்கேயே கிடைக்கும். மார்க்கைப் பார்த்துவிட்டு அழுததோடு சரி, இதைத் திறந்தே பார்க்காத வீடுகள்தான் அதிகம்.

பாடத்துக்கு ஒன்றாக மூன்று சாயங்காலம் ஒதுக்குங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம், உட்கார்ந்தால் பிள்ளை உண்மையைச் சொல்லாது. பழைய டியூஷன் வாத்தியார் ஒருவரோ, எழுதித் தேறிய அக்கா ஒருத்தியோ கூட இருந்தால் போதும். தப்பாய்ப் போன ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் பென்சிலால் ஓர் எழுத்து போடட்டும். பாடமே தெரியாது என்றால் 'தெ'. தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் விட்டது 'ப'. கணக்கில் சறுக்கியது 'க'. நேரம் போதாமல் கடைசியில் அவசரமாகக் குறித்தது 'நே'.

போன வருடம் கோபிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் இதே 380 மார்க்கோடு வந்தாள். 180 கேள்வியில் 110 சரி, 60 தப்பு, 10 விட்டது. சரிக்கு நான்கு, தப்புக்கு ஒன்று கழிவு: 440இல் 60 போனால் 380. இதைப் பாடவாரியாகப் பிரித்தபோதுதான் கதை தெரிந்தது. உயிரியலில் 90க்கு 68 சரி, 20 தப்பு: 252 மார்க். வேதியியலில் 45க்கு 25 சரி, 17 தப்பு: 83. இயற்பியலில் 17 சரி, 23 தப்பு: 45 மார்க். பெற்றோர் "பயாலஜியை இன்னும் நன்றாகப் படிக்கச் சொல்லுங்க சார்" என்றுதான் வந்திருந்தார்கள். அவளுக்கு உயிரியலில் பெரிய குறையே இல்லை.

இயற்பியலின் 23 தப்பில் பாதிக்கு மேல் 'தெ' இல்லை. எப்படித் தப்பு வந்தது என்பதற்கு ஓர் உதாரணம். வண்டி பாதித் தூரத்தை மணிக்கு 40 கி.மீ. வேகத்திலும் மீதியை 60 கி.மீ. வேகத்திலும் கடக்கிறது, சராசரி வேகம் என்ன? கை தானாக 50ஐக் குறிக்கும். மெதுவாகப் போன பாதிக்கு நேரம் அதிகம் பிடிக்கிறது அல்லவா? அதனால் விடை 48. கேள்வி தயாரிப்பவருக்கும் இது தெரியும், அந்த 50ஐ நான்கு விடைகளில் ஒன்றாக வைத்திருப்பார். 'நல்லாத்தான் எழுதினேன், மார்க் வரல' என்று பிள்ளைகள் சொல்வது பொய்யில்லை. தாங்கள் போட்ட விடை வினாத்தாளிலேயே இருந்ததால் சரி என்று நம்பிவிட்டார்கள்.

நெகட்டிவ் மார்க்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'தெரியாததைத் தொடாதே' என்று எல்லா வகுப்பிலும் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு நான்கு கேள்வியைக் குறித்தால், சராசரியாக ஒன்று சரியாகி நான்கு கிடைக்கும், மூன்று தப்பாகி மூன்று போகும். நட்டம் இல்லை. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் குறிப்பதே லாபம். பயந்து 30 கேள்வியை விட்டுவிட்டு வருகிற பிள்ளையும் உண்டு. உங்கள் மகள் எத்தனை விட்டாள் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தப்பாய்ப் போன ஒரு கேள்வி சரியானால் ஐந்து மார்க் ஏறும்: கழிந்த ஒன்றும் வராமல் போன நான்கும். முப்பது கேள்வி திருந்தினால் 150. இயற்பியலில் 10, வேதியியலில் 8, உயிரியலில் 12 என்று வைத்தால் 380 என்பது 530 ஆகிறது. இரண்டு லட்சம் கொடுத்து நீங்கள் வாங்கப்போவது இந்த முப்பது கேள்வியைத்தான். 'ப', 'க', 'நே' மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 30 வந்தால் நான் தயங்காமல் ஒரு வருடம் கொடுங்கள் என்பேன். எல்லாம் 'தெ' என்றால், அதுவும் பிளஸ் ஒன் பாடத்திலேயே குவிந்து கிடந்தால், அது ஒரு வருட வேலையா என்று யோசிக்க வேண்டும். நம் பக்கத்து ஹாஸ்டல் பள்ளிகள் பலவற்றில் பிளஸ் ஒன் பாடத்தை ஒப்புக்கு நடத்திவிட்டு, பிளஸ் டூ பாடத்தை இரண்டு வருடமும் உருப்போட வைத்த காலம் ஒன்று உண்டு. கோழிப்பண்ணைப் பள்ளிக்கூடம் என்று நாமே கேலி பேசினோம், நாமே பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நீட்டில் ஏறக்குறைய பாதி பிளஸ் ஒன் பாடம். 548 வாங்கிய பெண் 380இல் நிற்பதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். பிளஸ் ஒன் இயக்கவியலில் நான்கு கேள்வி கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

530 போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். அதற்கு மார்க்கை வைத்துப் பதில் சொல்ல முடியாது. 2024இல் மார்க் எல்லோருக்கும் ஏறிக் கிடந்தது. 2025இல் இயற்பியல் கடினமாக வந்து எல்லோருக்கும் இறங்கியது. மாமன் மகன் அந்த வருடம் இத்தனை வாங்கி எம்.பி.பி.எஸ். சேர்ந்தான் என்பதெல்லாம் இந்த வருடத்துக்குச் செல்லாது. பார்க்க வேண்டியது மாநிலத் தரவரிசை. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக்குழு அந்தப் பட்டியலை வெளியிடுகிறது, எந்த இடம் யாருக்குப் போனது என்பதும் வருகிறது. உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவில் அரசுக் கல்லூரியின் கடைசி இடம் எந்த ரேங்க்கில் முடிந்தது, அந்த ரேங்க்குக்கு அந்த வருடம் என்ன மார்க் என்று பாருங்கள். பெருந்துறை, கோவை, சேலம் மட்டுமல்லாமல் நாமக்கல், திருப்பூர், கரூர், ஊட்டி என்று அரசு மருத்துவக் கல்லூரிகள் இப்போது நம்மைச் சுற்றியே இருக்கின்றன. ஆனால் இடம் மாநிலம் முழுக்கப் போட்டியில் நிரம்புவது, பக்கத்தில் இருப்பதால் எளிதாகக் கிடைக்காது.

இதைப் படிக்கும் வேறு பெற்றோருக்காக ஒன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைக்கு 2020 முதல் மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. இரண்டாம் தடவை எழுதினாலும் அது போகாது. அவர்களுக்குக் கணக்கே வேறு, 380ஐ வைத்து மனம் விட வேண்டாம்.

உங்கள் மனைவி சொல்லும் வழி, கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதுவது. எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. இயற்பியல் ஏற்கெனவே கைவந்த பிள்ளைக்கு அது ஓடும். மற்றவர்களுக்கு நவம்பரில் செமஸ்டர், ஜனவரியில் இன்டர்னல், நீட் புத்தகம் பையிலேயே இருக்கும். நடுவில் விலகினால் ஒரிஜினல் சான்றிதழைத் திரும்ப வாங்க நடையாய் நடக்க வேண்டியிருக்கும். ஆனால் அவர் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: இவளுக்கு வேண்டியது டாக்டர் வேலையா, டாக்டர் என்ற பெயரா? அதை அவளிடம் அம்மாதான் கேட்க முடியும். மாநில இடங்களைப் பொறுத்தவரை கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க்தான். கால்நடைக் கல்லூரி நாமக்கல்லிலும் உடுமலையிலும் இருக்கிறது, வேளாண் பல்கலைக்கழகம் கோவையில். கட்டுத்தறியில் மாட்டுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் ஓடுவது இவள்தான் என்றால் யோசித்துப் பாருங்கள். 548இல் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை, அதையும் எழுதுங்கள்.

சரி, ரிப்பீட் என்றே முடிவானால் ஹாஸ்டலா வீடா? பிள்ளை தானாக எழுந்து உட்காரும் என்றால் வீடு, மூன்று முறை கூப்பிட்டால்தான் வரும் என்றால் ஹாஸ்டல். வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் வகுப்பு ஈரோட்டில் கிடைத்தால் எனக்கு அதுதான் பிடிக்கும், போகவர இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் இருந்தால். உங்களுக்குத் தை முதல் பங்குனி வரை மஞ்சள் வெட்டும் வேகவைக்கும் வேலையும் இருக்கும். ஆள் வரும், சமையல் நடக்கும், வீடு களமாகிவிடும். அவளுடைய திருப்புதல் நடக்கும் மாதங்களும் அவைதான். அந்த மூன்று மாதம் மட்டும் அப்புச்சி வீட்டில் இருக்க வழியுண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

வகுப்பில் சேரும் முன் இயற்பியல் எடுக்கும் ஆசிரியர் யார், வருடக் கடைசி வரை அவரே இருப்பாரா என்று கேளுங்கள். பேனரில் இருக்கும் முகங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். பணம் முழுதும் ஒரே தடவையில் கட்டாதீர்கள், கட்டியதற்கு ரசீது வாங்குங்கள். பாதியில் நின்றால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தையும் ஹாஸ்டல் பணத்தையும் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்டால் அவர்கள் முகம் மாறுவதை வைத்தே இடத்தை எடை போடலாம். ஒரிஜினல் சான்றிதழை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், நகல் போதும். அண்ணனோ அக்காவோ படித்த பழைய மெட்டீரியலும் வேண்டாம். 2024இல் பாடத்திட்டத்திலிருந்து திடநிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள் எல்லாம் நீக்கப்பட்டுவிட்டன. இல்லாத பாடத்தைப் பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

படிப்பு முறையில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தேர்வு நடப்பது பிற்பகல் 2 மணி முதல் 5 மணி வரை, மே மாத வெயிலில். விடிகாலை நான்கு மணிக்கு எழுப்பிப் படிக்க வைத்து, மதியம் சோற்றுக்குப் பின் தூங்க விட்டுப் பழக்கிய உடம்பு, அன்று மட்டும் 2 மணிக்கு விழித்திருக்குமா? ஞாயிறு தோறும் மாதிரித் தேர்வு 2 மணிக்கே நடக்கட்டும். அச்சடித்த ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பந்துமுனைப் பேனாவால் குறிக்கட்டும், போனில் தொட்டு விடை சொல்லும் டெஸ்ட் இதற்கு ஈடாகாது. உயிரியல் 50 நிமிடம், வேதியியல் 50, இயற்பியல் 70, பத்து நிமிடம் கையில். அப்புறம் அந்தத் தாளைத் திருத்தி மறுபடி தெ, ப, க, நே. தேர்வு எழுத மூன்று மணி நேரம் என்றால் திருத்த நான்கு மணி நேரம் ஆக வேண்டும். வாரத்துக்கு ஒன்று போதும். தினம் ஒரு டெஸ்ட் என்று விளம்பரம் செய்கிற இடத்தில் திருத்த யாருக்கும் நேரம் இருக்காது.

ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர்கள், வந்தால் அவளைக் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். நோம்பிக்கு வந்தவர்கள் "என்ன அம்மணி, சீட்டு கெடச்சுதா?" என்று நல்ல எண்ணத்தில்தான் கேட்பார்கள். வருடத்தில் இருபது தடவை அதற்குப் பதில் சொல்ல வேண்டியவள் அவள். நீங்களே முந்திக்கொண்டு பேச்சை மாற்றிவிடுங்கள். தூக்கம் கெட்டாலும், தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தாலும், 'நான் இருந்து என்ன பிரயோசனம்' என்ற தொனியில் ஏதாவது வந்தாலும், படிப்பை அன்றே மூடி வைத்துவிட்டு 14416க்குப் பேசுங்கள். அரசின் மனநல ஆலோசனை எண் அது, தமிழில் பேசலாம், பெற்றோரும் பேசலாம்.

மூன்று சாயங்காலமும் முடிந்ததும், பாடவாரியாகச் சரி, தப்பு, விட்டது, அந்த நான்கு எழுத்தும் எத்தனை எத்தனை என்று எழுதி அனுப்புங்கள். பீஸைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம். கலந்தாய்வு விண்ணப்பத்தை மட்டும் அதுவரை நிறுத்தி வைக்க வேண்டாம். 380தானே என்று விட்டுவிடாமல் போட்டு வையுங்கள். பட்டியலில் பெயர் வந்தால்தான் அவள் இப்போது எந்த ரேங்க்கில் நிற்கிறாள் என்று நமக்குத் தெரியும்.