பெங்களூர் வேலையை ஊரிலிருந்தே தேடுவது: கேள்வி பதில்

நான் திருநெல்வேலிக்காரி. 18 ஆண்டுகளாகப் பெங்களூரில் ஆட்சேர்ப்புப் பணியில் இருக்கிறேன். தொழிற்சாலை, கணக்கு, மென்பொருள் ஆகிய மூன்று துறைகளுக்கும் ஆள் எடுத்திருக்கிறேன். அரசு வேலையும் வெளிநாட்டு வேலையும் எனக்குப் பழக்கமில்லாதவை என்பதால் அவற்றைப் பற்றிக் கேட்டவர்களுக்கு நீண்ட பதில் தர இயலவில்லை.

மதுரையிலிருந்து ஓர் இயந்திர வடிவமைப்புப் பொறியாளர்: நான்கு ஆண்டு அனுபவம் இருக்கிறது. மூன்று மாதங்களில் அறுபது இடங்களுக்கு மேல் விண்ணப்பித்தும் ஓர் அழைப்புகூட வரவில்லை. தூரம்தான் காரணமா?

தூரம் பாதிக் காரணம்தான். மதுரையிலிருந்து ஓர் இரவுப் பயணத்தில் பெங்களூர் வந்துவிடலாம் என்பது எங்களுக்கும் தெரியும். எங்கள் அச்சம் வேறு. வெளியூர்க்காரர் ஆஃபர் லெட்டரை வாங்கிக்கொண்டு, அதைத் தற்போதைய முதலாளியிடம் காட்டிச் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டுவிட்டு, சேர வேண்டிய நாளில் தொலைபேசியை அணைத்து வைத்துவிடுவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். இவர் உண்மையிலேயே வருவாரா என்ற ஐயத்தை உங்கள் ரெஸ்யூமேயின் முதல் நான்கு வரிகள் தீர்க்க வேண்டும். “இடம் மாறத் தயார்” என்று எல்லோரும் எழுதுகிறார்கள்; அதை யாரும் படிப்பதில்லை. உங்கள் நோட்டீஸ் பீரியட் (ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் வேலை பார்க்க வேண்டிய காலம்) எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து பெங்களூரில் பணியில் சேர இயலும், எதற்காக வருகிறீர்கள் என்ற மூன்றையும் தேதியோடு எழுதுங்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் ‘விரும்பும் இடம்’ என்ற கட்டத்தில் பெங்களூர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நோட்டீஸ் பீரியடையும் இடத்தையும் வைத்துத்தான் நாங்கள் பட்டியலை வடிகட்டுகிறோம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் உங்கள் பெயர் எங்கள் திரைக்கே வராது.

இன்னொன்று, பெங்களூரை ஒரே ஊராக எண்ணாதீர்கள். இயந்திரத் துறை வேலைகள் பெரும்பாலும் வடமேற்கே பீன்யா, தெற்கே பொம்மசந்திரா, ஜிகணி, மைசூர்ச் சாலையில் பிடதி ஆகிய பகுதிகளில் இருக்கின்றன. ஒயிட்ஃபீல்டில் உள்ள மென்பொருள் நிறுவனங்களுக்கு அறுபது விண்ணப்பம் போட்டிருந்தால் பதில் வராததில் வியப்பில்லை. ஓசூரையும் சேர்த்துத் தேடுங்கள். அங்கே கிடைக்கும் இரண்டு ஆண்டு அனுபவத்துக்குப் பெங்களூரில் நல்ல மதிப்பு உண்டு.

தூத்துக்குடியிலிருந்து ஒரு கணக்காளர்: இங்கிருந்து தேடினால் கிடைக்கவில்லை. வேலையை விட்டுவிட்டு நேரில் வந்து தேடலாமா?

வேண்டாம். ஆஃபர் லெட்டர் எழுத்தில் கைக்கு வரும்வரை இருக்கும் வேலையை விடாதீர்கள். “செலக்ட் ஆகிவிட்டீர்கள், லெட்டர் அடுத்த வாரம் வரும்” என்று தொலைபேசியில் சொல்வது ஆஃபர் ஆகாது. அந்த ‘அடுத்த வாரம்’ நிர்வாக ஒப்புதல் கிடைக்காமல் நின்றுபோவதை நானே பலமுறை பார்த்து, அந்தச் செய்தியை விண்ணப்பித்தவர்களிடம் சொல்ல நேர்ந்து கூசியிருக்கிறேன். கையில் வேலை இருக்கும்போது சம்பளம் பேசும் குரலுக்கும் இல்லாதபோது பேசும் குரலுக்கும் உள்ள வேறுபாடு எங்களுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

தென்காசியிலிருந்து ஒருவர்: அக்கா, என் அத்தை மகன் கே.ஆர்.புரத்தில் இருக்கிறார். ரெஸ்யூமேயில் அவருடைய முகவரியைப் போட்டுக்கொள்ளலாமா?

நீங்கள் அங்கே தங்கியிருந்தால் போடலாம். தென்காசியில் இருந்துகொண்டு போடக்கூடாது.

சேலத்திலிருந்து ஒருவர்: மேலே சொன்ன பதிலை நான் ஏற்கவில்லை. நண்பரின் பெங்களூர் முகவரியைப் போட்ட பிறகுதான் எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கின. ஊரைப் பார்த்து ஒதுக்குவது உங்கள் தவறு. அதற்கு ஏற்றபடி நடந்துகொள்வது எப்படி எங்கள் தவறாகும்?

உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. திறமையைப் பார்க்கும் முன்பே ஊரைப் பார்த்து வடிகட்டுவது சோம்பேறித்தனம்தான். நானும் அதைச் செய்திருக்கிறேன். ஆனால் உள்ளூர்க்காரரை நாங்கள் ஏன் தேடுகிறோம் என்பதையும் நினைத்துப் பாருங்கள். காலை பத்து மணிக்கு அழைத்து, “பிற்பகல் மூன்று மணிக்கு வர முடியுமா?” என்று கேட்கத்தான். கோரமங்களா முகவரி போட்டிருந்த ஒருவரை அப்படி அழைத்தேன். கடுமையான காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை என்றார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே பின்னாலிருந்து ஒரு நடத்துநர் “துவரங்குறிச்சி, மேலூர், மதுரை” என்று கூவியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. இருவருமே சற்று நேரம் பேசவில்லை. திருச்சியில் இருக்கிறேன், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தால் நான் வெள்ளிக்கிழமையே வைத்திருப்பேன்.

சேலத்துக்காரர் மீண்டும்: அது பொய் சொல்லத் தெரியாதவரின் கதை. எனக்கு மறுநாள் வரச் சொன்னார்கள், இரவே பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். யாருக்கு என்ன நட்டம்?

சேலத்திலிருந்து பெங்களூருக்கு நான்கைந்து மணி நேரப் பயணம். தென்காசிக்காரருக்கு அது முடியுமா என்று யோசித்துச் சொல்லுங்கள். மேலும், பணியில் சேர்ந்த பிறகு பல நிறுவனங்கள் வெளி ஆள்களை வைத்துப் பின்னணிச் சரிபார்ப்புச் செய்கின்றன. முகவரிக்கு நேரில் ஆள் அனுப்புவதும் உண்டு. எந்தத் தேதியிலிருந்து அங்கே வசிக்கிறீர்கள் என்று கேட்கும் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட்டிருப்பீர்கள். முகவரி தவறு என்பதற்காகப் பெரும்பாலும் உடனே வேலையை விட்டு எடுத்துவிடமாட்டார்கள். ஆனால் ‘முரண்பாடு’ என்று ஒரு குறிப்பு கோப்பில் ஏறும். அதன் பிறகு உங்கள் பழைய சம்பளச் சீட்டையும் அனுபவச் சான்றையும் இரட்டிப்பு ஐயத்தோடு பார்ப்பார்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து ஒருவர்: சண்டையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அடுத்த மாதம் மூன்று வாரம் என் தங்கை வீட்டில், பானஸ்வாடியில் தங்கப் போகிறேன். அதை எழுதலாமா?

தாராளமாக எழுதுங்கள். “இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பெங்களூரில் இருக்கிறேன், நேர்முகத்துக்கு நேரில் வர இயலும்” என்று ரெஸ்யூமேயின் தலைப்பிலேயே போடுங்கள். சேலத்து நண்பரும் கவனிக்கட்டும்: முகவரியால் கிடைக்கும் அத்தனை பயனும் இந்த ஒரே வரியில், பொய் இல்லாமல், கிடைக்கிறது. முகவரி வழக்கை இத்துடன் முடித்துக்கொள்வோம். இதே பொருளில் வந்த இன்னும் ஐந்து கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

விருதுநகரிலிருந்து ஒருவர்: வேலையை ராஜினாமா செய்துவிட்டு பெங்களூர் வந்து தேடுவது நல்லதா?

தூத்துக்குடிக் கணக்காளருக்குச் சொன்னதுதான்.

சென்னையிலிருந்து ஒருவர்: இங்கே கைக்கு 42,000 ரூபாய் வருகிறது. பெங்களூரில் ஆண்டுக்கு 7.2 லட்சம் சி.டி.சி. சொல்கிறார்கள். மாதம் 60,000 என்றால் தாராளம்தானே?

மாதம் 60,000 வராது. சி.டி.சி. என்பது நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு; கைக்கு வரும் சம்பளம் அன்று. 7,20,000 ரூபாயில் பத்து விழுக்காடு வேரியபிள் என்றால் 72,000 ரூபாய் மாதச் சம்பளத்தில் இருக்காது. ஆண்டு முடிவில், நிறுவனம் விரும்பினால் வரும். மீதி 6,48,000. அதில் முதலாளி செலுத்தும் பி.எஃப். பங்கு மாதம் 1,800 வீதம் 21,600. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், 3,24,000 என்றால் அதில் 4.81 விழுக்காடு, ஏறத்தாழ 15,600 ரூபாய், கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று கணக்கில் நிற்கும். ஐந்து ஆண்டு வேலை பார்த்தால் கிடைக்கும் தொகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமுள்ள 6,10,800 ரூபாயைப் பன்னிரண்டால் வகுத்தால் 50,900. உங்கள் பி.எஃப். பங்கு 1,800 ரூபாயும் கர்நாடகத் தொழில்வரி 200 ரூபாயும் போக, கைக்கு 48,900 ரூபாய். குழுக் காப்பீட்டுத் தொகையையும் சி.டி.சி.க்குள் நுழைத்திருந்தால் இன்னும் குறையும்.

அதாவது உங்களுக்குக் கூடுவது 6,900 ரூபாய்தான். அதை நீங்கள் பி.ஜி. விடுதியில் தனியாளாகத் தங்குவீர்களா, குடும்பத்தோடு வீடெடுப்பீர்களா என்பதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பெங்களூரில் வீட்டு முன்பணம் சென்னையைவிடக் கடுமையாகக் கேட்பார்கள். பத்து மாத வாடகை கேட்கும் பழைய வழக்கம் இன்னும் முழுதாக மறையவில்லை. ஆகவே சி.டி.சி.யை வைத்துப் பேரம் பேசாதீர்கள். “மாதம் கைக்கு எவ்வளவு வரும் என்ற கணக்கை அனுப்புங்கள்” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் ஆஃபரைத் திரும்பப் பெற்றதை நான் பார்த்ததில்லை.

கோவில்பட்டியிலிருந்து ஒருவர்: நேர்முகமே இல்லாமல் தேர்வாகிவிட்டேன். மடிக்கணினிக்கு முன்பணம் 3,500 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள், அது மோசடி. பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் இப்போதே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். நாள் கடந்தால் பணத்தை முடக்கி வைப்பது கடினம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: உள்ளூர்க்காரர்களுக்கே வேலை என்று கர்நாடகத்தில் சட்டம் வந்துவிட்டதாமே? கன்னடம் தெரியாமல் வரலாமா?

2024 ஜூலையில் நிர்வாகப் பதவிகளில் 50 விழுக்காடும் மற்றவற்றில் 70 விழுக்காடும் உள்ளூர்க்காரர்களுக்கு என்ற மசோதாவுக்கு மாநில அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. தொழில்துறையிலிருந்து கடும் எதிர்ப்பு வந்ததும் சில நாள்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். மென்பொருள் அலுவலகத்தில் கன்னடம் தெரியாததற்காக உங்களை யாரும் தள்ளமாட்டார்கள். ஆனால் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர், மருத்துவமனை வரவேற்பு, கடை விற்பனை போன்றவற்றுக்கு அது உண்மையிலேயே தேவைப்படும். வந்த பிறகு கற்றுக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் “கன்னட ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தே” (கன்னடம் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்) என்ற அளவுக்காவது பழகிக்கொண்டு வாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு பெண்: என் கணவருக்குப் பெங்களூருக்கு மாற்றலாகிவிட்டது. ஆறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு நானும் அங்கே கணக்கு வேலை தேடுகிறேன். இடைவெளியை எப்படி மறைப்பது?

மறைக்காதீர்கள் அம்மா. இங்கே கேட்ட எல்லோரையும்விட வலுவான காரணம் உங்களிடம்தான் இருக்கிறது: குடும்பமே இடம் மாறுகிறது, நீங்கள் வந்தே தீருவீர்கள். அதை முதல் வரியாக வையுங்கள். இடைவெளியை ஒரே வரியில் ஆண்டுகளோடு எழுதிவிட்டு, டேலி என்ற கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் இப்போது கையோடு செய்யத் தெரியும் என்பதைக் காட்டுங்கள். தெரியாவிட்டால் நாகர்கோவிலிலேயே ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர்: நேரில் வரச் சொன்னால் எந்த வண்டியில் வருவது?

காலை நேர்முகத்துக்கு இரவு வண்டிதான் சரி. நாகர்கோவில்–பெங்களூர் எக்ஸ்பிரஸ், தூத்துக்குடி–மைசூர் எக்ஸ்பிரஸ் இரண்டும் உங்கள் ஊர் வழியாகத்தான் வருகின்றன. 2024-இல் தொடங்கிய மதுரை வந்தே பாரத் பிற்பகலில்தான் வந்து சேரும். முதல் சுற்றைக் காணொளியில் வைத்துக்கொள்ளக் கேளுங்கள். இறுதிச் சுற்றுக்கு மட்டும் வாருங்கள். வரும் பயணத்தில் வேறு இரண்டு நிறுவனங்களுக்கும், “புதனும் வியாழனும் ஊரில் இருப்பேன்” என்று முன்கூட்டியே எழுதுங்கள்.

ராமநாதபுரத்திலிருந்து ஒருவர்: துபாய் வேலைக்கும் இதே முறையா?

என் துறை அன்று. ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைகிரேட் அரசுத் தளத்தில் பார்க்காமல் பணமோ பாஸ்போர்ட்டோ கொடுக்காதீர்கள்.

தேனியிலிருந்து ஒருவர்: முதலில் வேலையை விட்டுவிட்டு…

கேள்வியின் பிற்பகுதியை நான் படிக்கவில்லை. விடாதீர்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஒருவர்: எலக்ட்ரானிக் சிட்டியில் ஆஃபர் லெட்டரே வந்துவிட்டது. 23-ஆம் தேதி சேரச் சொல்கிறார்கள். ஓசூரில் வீடெடுக்கலாமா?

வாழ்த்துகள். இப்போதே எங்கும் வீடெடுக்க வேண்டாம். முதல் மாதம் அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பி.ஜி. விடுதியில் இருங்கள். 2025 ஆகஸ்டு முதல் ஆர்.வி. சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் வழி மெட்ரோ ஓடுகிறது, அது எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் போகிறது; ஆனால் ஓசூர் வரை வரவில்லை. ஓரிரு நாள் காலை எட்டரைக்கு ஓசூரிலிருந்து பஸ்ஸில் வந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. மாதத்தின் 20-ஆம் தேதியை ஒட்டி அந்த மாதச் சம்பளத்தைக் கணக்கிட்டு முடித்துவிடும் நிறுவனங்கள் பல. 23-இல் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாத இறுதியில்தான் வரக்கூடும். சம்பளக் கணக்கீடு எந்தத் தேதியில் முடிகிறது என்று இன்றே எச்.ஆரிடம் கேட்டு, அதற்கேற்பக் கையில் பணம் வைத்துக்கொண்டு வண்டி ஏறுங்கள்.