டாக்டர்கிட்ட கேளுங்க: ஐடிபியோட வாழ்றவங்க கேள்விகள்

போன இதழ்ல ஐடிபி பத்தி சின்னதா ஒரு குறிப்பு எழுதினதுக்கு நிறைய கடிதம் வந்துடுச்சு. ரத்தம் உறைய உதவுற அணுக்கள்தான் பிளேட்லெட், நம்மளோட எதிர்ப்பு சக்தியே அதை அழிக்கிற வியாதி இது, முழுப்பேர் இம்யூன் த்ராம்போசைட்டோபீனியா. வருஷத்துக்கு லட்சம் பேர்ல ரெண்டுல இருந்து அஞ்சு பேருக்கு புதுசா வரும், அதனால பக்கத்து வீட்ல கேட்டு தெரிஞ்சுக்கவும் ஆள் இருக்காது. ஒரு வருஷத்தை தாண்டினா நாள்பட்டதுன்னு சொல்வோம்.

கேள்வி: என் பொண்ணுக்கு 24 வயசு. ஒன்றரை வருஷமா ஐடிபி. பிளேட்லெட் கவுண்ட் 35,000, 42,000ன்னே நிக்குது, லட்சத்தை தொடவே மாட்டேங்குது. ரத்தக்கசிவு எதுவும் இல்ல, வேலைக்கு போயிட்டு வர்றா. டாக்டர் இப்போதைக்கு மாத்திரை வேணாம்ங்கிறார். எனக்கு பயத்துல தூக்கமே இல்ல, வாரம் ரெண்டு தடவை டெஸ்ட் எடுக்க வைக்கிறேன், பப்பாளி இலைச் சாறும் குடுக்கிறேன். பேசாம பிளேட்லெட் ஏத்திட்டா என்ன? (ஒரு அம்மா, கரூர்)

அம்மா, உங்க டாக்டர் சொன்னது சரி. பெரியவங்களுக்கு கவுண்ட் 30,000க்கு மேல இருந்து, ரத்தக்கசிவும் இல்லன்னா மருந்து குடுக்காம கவனிச்சுட்டு வர்றதுதான் இன்னிக்கு உலகம் பூரா உள்ள வழிமுறை. ஒன்றரை லட்சத்துக்கு கொண்டு போகணும்னு, எதிர்ப்பு சக்தியை அடக்குற ஸ்டீராய்டு மருந்தை ஏத்திக்கிட்டே போனா முகம் வீங்கும், சுகர் ஏறும், எலும்பு தேயும், தூக்கம் போகும், இத்தனையும் பேப்பர்ல ஒரு நம்பர் அழகா தெரியுறதுக்காகன்னா அது அந்தப் பொண்ணுக்கு நாம செய்ற கொடுமை.

பிளேட்லெட் ஏத்துறது பத்தி கேட்டீங்க. 1951ல வெளியான ஒரு ஆராய்ச்சி இருக்கு, அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ஹாரிங்டன்னு ஒரு டாக்டர் ஐடிபி நோயாளியோட ரத்தத்தை தனக்கே ஏத்திக்கிட்டார், சில மணி நேரத்துல அவரோட பிளேட்லெட் தரைமட்டத்துக்கு இறங்கிடுச்சு, அதாவது அழிக்கிற பொருள் ரத்தத்துலயே சுத்திக்கிட்டு இருக்குன்னு அப்பதான் தெளிவாச்சு. உங்க பொண்ணுக்கு ஏத்தினாலும் அதே கதிதான், வெளியில இருந்து வர்ற பிளேட்லெட்டும் சீக்கிரமே அழிஞ்சுடும். உயிருக்கு ஆபத்தான ரத்தப்போக்கு, அவசர ஆபரேஷன், இந்த மாதிரி நேரத்துலதான் ஏத்துவோம், அப்பவும் வேற மருந்துகளோட சேர்த்துதான்.

பப்பாளி இலை டெங்கு சமயத்துல ஊர் பூரா பரவின பழக்கம். டெங்குல கவுண்ட் எப்படியும் தானா ஏறிடும். ஐடிபி வேற, இதுக்கு அந்த சாறு வேலை செய்யும்னு நிரூபணம் இல்ல. வெறும் வயித்துல அந்த கசப்பை குடிச்சுட்டு பிள்ளை வாந்தி எடுக்க வேணாம், நிறுத்திடுங்க.

டெஸ்ட்டையும் டாக்டர் சொல்ற நாள்ல மட்டும் எடுங்க. சும்மா இருக்கறப்பவே கவுண்ட் ஏறும் இறங்கும், ஒரு சளி காய்ச்சல் வந்தாலே இறங்கும். இன்னொரு விஷயம், லேப்ல ஊதா மூடி டியூப்ல ரத்தம் எடுப்பாங்க பாருங்க, அதுல இருக்கிற இடிடிஏங்கிற ரசாயனத்தால சிலருக்கு பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கொத்தாயிடும், மெஷின் அதை எண்ணாம 9,000ன்னு அடிச்சு விட்டுடும். உடம்புல ஒரு புள்ளி கூட இல்லாம கவுண்ட் மட்டும் திடீர்னு பாதாளத்துக்கு போயிருந்தா, ஸ்மியர் போட்டு, அதாவது கண்ணாடித் துண்டுல ரத்தத்தை தடவி, மைக்ரோஸ்கோப்ல பார்க்க சொல்லுங்க, வேற ரசாயனம் இருக்கிற நீல மூடி டியூப்லயும் ஒரு தடவை எடுக்கச் சொல்லலாம்.

நீங்க கவனிக்க வேண்டியது உடம்பை. கணுக்கால்ல குண்டூசி முனை அளவுக்கு அழுத்தினாலும் மறையாத சிவப்பு புள்ளிகள் புதுசா வந்தா டாக்டருக்கு போன் பண்ணுங்க. வாய்க்குள்ள ரத்தக் கொப்புளம், கால் மணி நேரம் அழுத்திப் பிடிச்சும் நிக்காத மூக்கு ரத்தம், கருப்பா மலம், மணிக்கு ஒரு பேட் நனையுற மாதவிடாய், திடீர்னு மண்டையை பிளக்குற தலைவலி, தலையில அடி, இதுல எது வந்தாலும் கவுண்ட் எவ்வளவுன்னு யோசிக்காம நேரா எமர்ஜென்சிக்கு போங்க. மாதவிடாய் வலிக்குன்னு மெஃபெனாமிக் ஆசிட் மாத்திரை போடுற பழக்கம் இருந்தா விடணும், ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எதுவுமே வேணாம், பாரசிட்டமால் போதும். காய்ச்சல்னு தெருமுனை கிளினிக்குக்கு போனா இடுப்புல ஊசி போட விடாதீங்க, ஐடிபின்னு முதல்லயே சொல்லிடச் சொல்லுங்க.

கேள்வி: எல்ட்ரோம்போபாக் மாத்திரை ரெண்டு மாசமா போடுறேன், கவுண்ட் ஏறல. காலையில காபியோட போடுறேன். டோஸ் பத்தலையா? (வாசகர், திண்டுக்கல்)

சார், எல்ட்ரோம்போபாக்ங்கிறது பிளேட்லெட்டை அதிகமா உண்டாக்க வைக்கிற மாத்திரை. காபிதான் பிரச்சனையா இருக்கும்னு நினைக்கிறேன். பால்ல இருக்கிற கால்சியம் இந்த மருந்தை பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேரவே விடாது. பால், தயிர், மோர், பனீர், ஏன் கேழ்வரகு கூழ் கூட, அதோட இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அசிடிட்டிக்கு குடிக்கிற டானிக் எல்லாம் சேர்த்துதான் சொல்றேன். இதுல எதையாவது சாப்பிட்டா நாலு மணி நேரம் கழிச்சுதான் மாத்திரை போடணும், மாத்திரை போட்டு ரெண்டு மணி நேரத்துக்கு அதெல்லாம் தொடக்கூடாது. நம்ம வீட்டுக்கு ஒத்து வர்ற வழி, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள கடைசி காபி, எட்டு மணிக்கு மோர் தயிர் இல்லாம இட்லியோ தோசையோ, பத்து மணிக்கு மாத்திரை, தூங்கிடுங்க. காலையில காபி தாராளமா குடிக்கலாம். டோஸை நீங்களா ஏத்தாதீங்க, இந்த நேரத்தை டாக்டர்கிட்ட சொல்லிட்டு மாத்திப் பாருங்க, லிவர் டெஸ்ட்டையும் விட்டுடாதீங்க.

கேள்வி: கவுண்ட் 60,000 இருக்கு, ஆனா எந்நேரமும் அசதி. வீட்ல சோம்பேறின்னு திட்டுறாங்க. (கல்லூரி மாணவர், தூத்துக்குடி)

தம்பி, இது சோம்பேறித்தனம் இல்ல. ஐடிபி இருக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு அசதி உண்டு, கவுண்ட் பரவாயில்லாம இருக்கறப்பவும் இருக்கும், மருத்துவ உலகம் இதை ஒரு அறிகுறியாவே ஏத்துக்கிட்டது. ஹீமோகுளோபின், இரும்புச்சத்து, தைராய்டு ஒரு தடவை பார்த்துடுங்க, ஸ்டீராய்டு சாப்பிடுறீங்கன்னா அதுவும் காரணமா இருக்கலாம், ஆனா அசதியா இருக்குன்னு அதை திடீர்னு நிறுத்தினா ஆபத்து, படிப்படியாதான் குறைக்கணும். இந்தப் பக்கத்தை வீட்ல படிக்கக் குடுங்க.

கேள்வி: எனக்கு வரன் பார்க்கிறாங்க. ஐடிபி இருக்கிறதை சொல்ல வேணாம்ங்கிறாங்க அம்மா. குழந்தை பெத்துக்க முடியுமா? (வாசகி, சேலம்)

சொல்லிடும்மா. கல்யாணத்துக்கப்புறம் மாத்திரையை பீரோவுல ஒளிச்சு வச்சு, தொடையில கன்னிப்போனதை புடவையால மறைச்சுக்கிட்டு வாழ முடியாது, நாளைக்கு ஒரு அவசரம்னா ஆஸ்பத்திரியில சொல்ல வேண்டியவரே அவர்தான். ஒட்டிக்கிற வியாதி இல்ல, பொதுவா பரம்பரையா வர்றதும் இல்ல, இதை தெளிவா சொல்லுங்க. வேணும்னா மாப்பிள்ளையையும் ஒரு தடவை உங்க டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க.

குழந்தை பெத்துக்கலாம், ஐடிபியோட நிறைய பேர் நல்லபடியா பெத்திருக்காங்க. ஆனா திட்டம் போட்டு செய்யணும், ஏன்னா எல்ட்ரோம்போபாக், ரிட்டுக்சிமாப் மாதிரி மருந்துகளை கர்ப்பத்துல பொதுவா தவிர்ப்போம், தேவைப்பட்டா குறைஞ்ச அளவு பிரெட்னிசோலோன்ங்கிற ஸ்டீராய்டும், ஐவிஐஜின்னு ரத்தக் குழாய் வழியா ஏத்துற ஆன்டிபாடி மருந்தும் குடுத்து சமாளிப்போம். பிரசவ நேரத்துல கவுண்ட் 50,000க்கு மேல இருந்தா நல்லது, முதுகுல ஊசி போட்டு வலி குறைக்கணும்னா மயக்க மருந்து டாக்டர் கவுண்ட் 70,000 ஆவது இருக்கணும்னு கேட்பார். சில குழந்தைகளுக்கு அம்மாகிட்ட இருந்து வந்த, பிளேட்லெட்டை தாக்குற ஆன்டிபாடியால முதல் வாரத்துல பிளேட்லெட் இறங்கலாம், அதனால பிறந்த உடனே தொப்புள்கொடி ரத்தத்துல கவுண்ட் பார்க்கச் சொல்லணும், குறைவா இருந்தா அடுத்த சில நாளும் திரும்பத் திரும்ப பார்ப்பாங்க. ரத்தவியல் டாக்டரும் பிரசவ டாக்டரும் பேசிக்கிற ஆஸ்பத்திரியா பார்த்து முன்கூட்டியே பதிவு பண்ணிக்குங்க.