சகலை சொல்றாருன்னு மூணாவது ஆர்வியா?

கேள்வி: சார், நாங்க டெக்சாஸ்ல ஃப்ரிஸ்கோல இருக்கோம், நான், மனைவி, ரெண்டு பசங்க. ரெண்டரை வருஷம் முன்னாடி 32,000 டாலருக்கு ஒரு சின்ன ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி இழுத்துட்டுப் போற ஆர்வி, அதாவது படுக்கை, சமையல் வசதியோட இருக்கற வீட்டு வண்டி) வாங்கினோம். ஒரு வருஷத்துல அதை மாத்திட்டு 58,000-க்கு கொஞ்சம் பெருசா எடுத்தோம். கார்னர், இங்க்ஸ் லேக், பாலோ டியூரோன்னு டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குங்களுக்குப் போயிட்டு வந்ததுல பசங்களுக்கு ரொம்ப சந்தோஷம். ஹூஸ்டன்ல இருக்கற சகலை குடும்பமும் கூடவே வர்றாங்க, இப்ப அவர் "எல்லாரும் ஒண்ணா போற மாதிரி மோட்டார்ஹோம் (தானே ஓடற பஸ் மாதிரி ஆர்வி) எடுங்க, மாசம் 400 டாலர் நான் தர்றேன்"னு சொல்றார். டீலர் 110,000-க்கு ஒண்ணு காட்டி, பழசுக்கு 45,000 தர்றேன்னும், 20 வருஷ லோன்ல மாசம் 1,100-க்குள்ள வந்துடும்னும் சொல்றார். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீங்க. ஆர்வி விலை இறங்கும், இன்சூரன்ஸ் உண்டு, ஸ்டோரேஜ் வாடகை உண்டு, இதெல்லாம் ரெண்டு வண்டி வாங்கின உங்களுக்குத் தெரியாததில்ல, அதனால அதுக்குள்ள நான் போகல. நீங்க அனுப்பின லோன் பேப்பர்ல என் கண்ணுல பட்டது ஒண்ணுதான். வண்டிய மாத்தும்போது பழைய கடனோட மிச்சத்த புதுக் கடன் தலையில கட்டிடறீங்க, ஏற்கெனவே ஒரு தடவ செஞ்சாச்சு, இப்ப ரெண்டாவது தடவைக்கு ரெடியாயிட்டீங்க.

தோராயமா போட்டுப் பாருங்க. முதல் ட்ரெய்லர கொடுக்கும்போது பாக்கி 30,000, டீலர் போட்ட விலை 21,000. துண்டு விழுந்த 9,000-ம், 3,000 டாலர் வாரண்டியும் 58,000 மேல ஏறி கடன் 70,000 ஆச்சு. எட்டரை சதவீதம், 15 வருஷம், மாசம் 689. ஒன்றரை வருஷமா 12,400 கட்டியிருக்கீங்க, அசல்ல குறைஞ்சது 3,700 தான், இன்னும் 66,300 நிக்குது. டீலர் தர்றது 45,000. அப்ப 21,000 சொச்சம் திரும்ப புதுசுல ஏறும், அதுக்குள்ள எப்பவோ கைவிட்டுப் போன முதல் ட்ரெய்லரோட மிச்சமும் இருக்கு! ஆக 131,000 கடன், 8 சதவீதம், 20 வருஷம், மாசம் 1,096, மொத்தம் கட்டப்போறது 263,000. உங்க கையில இல்லாத வண்டிங்களுக்கான அந்த 21,000-க்கு மட்டுமே வட்டியோட 42,000 போகும். டீலர் மாசக் கணக்கு மட்டும் சொல்றதே இது கண்ணுல படக்கூடாதுன்னுதான், தயவுசெஞ்சு மாசக் கணக்க வச்சு முடிவெடுக்கறத விடுங்க.

சகலையோட 400 பத்தி. அவர் நல்ல மனுஷனாவே இருக்கட்டும், ஆனா லோன்ல கையெழுத்து உங்களோடது மட்டும்தான். அவருக்கு வேலை மாறினாலோ பசங்க காலேஜ் போனாலோ அந்த 400 நின்னுடும், அப்ப நீங்க கேக்கவும் முடியாது, உங்க மனைவிக்கும் அவங்க அக்காவுக்கும் நடுவுல அது வந்து உக்காந்துக்கும். அதோட டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குங்கள்ல பெரும்பாலும் ஒரு சைட்டுக்கு, அதாவது வண்டி நிறுத்தித் தங்கற ஒரு இடத்துக்கு, 8 பேர்தான். ரெண்டு குடும்பம் எட்டு பேர், மாமனார் மாமியார் வந்துட்டா பத்து, எவ்ளோ பெரிய வண்டி வாங்கினாலும் ரெண்டு சைட் எடுத்துத்தான் ஆகணும்.

பெரிய வண்டியால போற இடமும் குறையும், இத யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. பிக் பெண்ட் நேஷனல் பார்க்ல சிசோஸ் பேசின்ங்கற மலைப்பகுதிக்கு ஏறுற ரோடு அவ்ளோ வளைவு, 24 அடிக்கு மேல ஆர்வி வேண்டாம், 20 அடிக்கு மேல ட்ரெய்லர் வேண்டாம்னு பார்க்கே சொல்லுது. பாலோ டியூரோல பள்ளத்தாக்குக்குள்ள இறங்கற ரோடு 10 சதவீதச் சரிவு, இப்ப இருக்கற ட்ரெய்லரோட இறங்கினப்பவே பிரேக்க எவ்ளோ கவனமா பிடிச்சிருப்பீங்கன்னு உங்களுக்கே தெரியும்.

லீவு இல்லாத நாள்ல ஆப்ல வாடகைக்கு விட்டா கடன் தானே அடையும்னு இப்ப எல்லாரும் சொல்றாங்க. உங்க இன்சூரன்ஸ் பாலிசியையும் லோன் ஒப்பந்தத்தையும் எடுத்து முதல்ல படிங்க, சொந்த உபயோகத்துக்கான பாலிசில வாடகைக்கு விட்டா பொதுவா கிளெய்ம் கிடைக்காது. வட்டிக்கு வரி விலக்கு உண்டுன்னு டீலர் சொன்னதும் பாதிதான் சரி. படுக்கை, சமையல், டாய்லெட் இருந்தா ரெண்டாவது வீடா காட்டலாம், ஆனா ஐட்டமைஸ் பண்ணாத்தான், அதாவது வரிக் கழிவுகள ஒவ்வொண்ணா கணக்கு காட்டினாத்தான் பலன். தம்பதிக்கு அப்படிக் கணக்கு காட்டாமலே கிடைக்கற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷனே 30,000 டாலருக்கு மேல இருக்கு, உங்க மொத்தக் கழிவும் அதத் தாண்டலேன்னா ஒண்ணும் தேறாது.

அந்த 1,096 உங்களால கட்ட முடியும்னா அதை இப்ப இருக்கற லோனுக்கே கட்டுங்க. ஒவ்வொரு மாசமும் கூடுதலா போறது அசலுக்குத்தான் போகணும்னு லெண்டர்கிட்ட எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க. பதிமூன்றரை வருஷம் இழுக்கற கடன் ஆறரை வருஷத்துல முடிஞ்சிடும், வட்டில 24,000 டாலருக்கு மேல மிச்சம். அது முடியற வரைக்கும் டீலர் வாசல் பக்கமே போகாதீங்க, சும்மா பாக்கக்கூட வேண்டாம்.

சகலைகிட்ட நீங்க பேசறதவிட உங்க மனைவி அவங்க அக்காகிட்ட பேசறது நல்லது, இப்பவே, டீலருக்கு அட்வான்ஸ் எதுவும் போறதுக்கு முன்னாடி. கார்னர்ல கேபினும் உண்டு, வலையடிச்ச ஷெல்டரும் உண்டு, அவங்க அதுல ஒண்ணு எடுத்துக்கட்டும், நீங்க ட்ரெய்லர்ல இருங்க, ராத்திரி சாப்பாடு ஒண்ணா சாப்பிடலாம். டெக்சாஸ் ஸ்டேட் பார்க்குங்களோட 70 டாலர் வருஷ பாஸ் உங்ககிட்ட இருந்தா உங்க வண்டியில கூட வர்றவங்களுக்கும் சேர்த்து நுழைவுக் கட்டணம் கிடையாது. புக்கிங் 5 மாசம் முன்னாடி திறக்கும், கோடை லீவுக்கு ரெண்டு குடும்பமும் அன்னிக்கே உக்காந்து புக் பண்ணிடுங்க.